பின்னத் தெரிந்தவருக்கு நூலைப் பரிசாகக் கொடுக்கலாமா, இல்லை பணமாகவே கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம். தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனைதான், கொடுத்த பிறகு வாயைத் திறக்கக் கூடாது. அது ஏன் என்று சொல்ல வந்துதான் இவ்வளவு நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியோடு நீங்கள் எழுதியிருப்பது இரண்டே வரி. மாமியாருக்கு ஸ்வெட்டர் பின்னுவது பிடிக்கும், அறுபதாவது பிறந்தநாள் வருகிறது, கம்பளி நூல் வாங்கிக் கொடுத்தால் "இதுதானா கிடைத்தது" என்று நினைப்பாரோ என்று பயம். கல்யாணமாகி ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். பத்து வருடம் ஆன மருமகள் இதற்கெல்லாம் ஊரைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

நான் மொரீஷியஸ்காரி. இதைச் சொன்னதுமே "அந்த ஊரில் எதற்கு ஸ்வெட்டர்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். போன தடவை வேறொரு பதிலில் எழுதினார்கள். நீங்கள் பார்த்ததெல்லாம் தேனிலவுப் படங்கள், நீலக் கடல், வெள்ளை மணல். எங்கள் வீடு வாக்குவாவில், தீவின் நடுவே மேட்டில் இருக்கிறது. பக்கத்து ஊர் கியூர்பிப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம். ஜூலை, ஆகஸ்டில் தூறல் பிடித்தால் நாள் கணக்கில் விடாது. இரவில் 14, 15 டிகிரி. ஊட்டிக்காரர்கள் சிரிக்கலாம், ஆனால் ஓயாத ஈரத்தோடு சேர்ந்த 15 டிகிரி வேறு மாதிரி, துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. அரை மணி நேரம் பஸ்ஸில் இறங்கிக் கடற்கரைக்குப் போனால் வியர்க்கும். போகும்போது ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்து, திரும்பும்போது போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

இன்னொன்று, உலகமே போட்டுக்கொள்ளும் கம்பளி ஸ்வெட்டர்களில் எத்தனையோ எங்கள் மேட்டில் செய்தவை. 1970-ல் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதன் பிறகு கரும்புக் காட்டுக்கும் வீட்டுக்கும் மட்டுமே போய்வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் பின்னலாடைத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். என் அம்மாவும் போனார், 1978-ல், முப்பது வயதில், எட்டு வயதான என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு. ஒரே கூரையின் கீழ் ஆண்களுக்கு ஒரு குறைந்தபட்சக் கூலி, பெண்களுக்கு அதைவிடக் குறைந்த ஒரு கூலி என்று இருந்த காலம் அது.

அம்மா செய்த வேலைக்கு லிங்கிங் என்று பெயர். வட்டமான தட்டு ஒன்று, அதன் விளிம்பு முழுக்க முட்கள், அங்குலத்துக்குப் பன்னிரண்டு. ஸ்வெட்டரின் உடம்பு ஒரு துண்டு, கழுத்துப் பட்டை ஒரு துண்டு. இரண்டின் கண்ணிகளையும், அதாவது பின்னலில் விழும் நூல் வளையங்களை, ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொரு முள்ளிலும் மாட்ட வேண்டும். ஒரு கண்ணி தவறினால் ஓட்டை. அடுத்த முள்ளில் மாட்டினால் சுருக்கம். நீங்கள் போட்டிருக்கும் நல்ல ஸ்வெட்டரின் கழுத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள், தையலே தெரியாமல் கண்ணியும் கண்ணியும் சேர்ந்திருந்தால் எங்கேயோ ஒரு பெண் ஒற்றைக் கண்ணி விடாமல் மாட்டியிருக்கிறாள் என்று அர்த்தம். கறுப்பு நூல் வரும் வாரம் அம்மா வீட்டில் யாரோடும் பேச மாட்டார். கறுப்பில் கண்ணி தெரியாது, கண் எரியும்.

அதனால் எங்கள் வீட்டில் யாரும் பின்னியதில்லை. எனக்குச் சிறு வயதில் ஆசை இருந்தது. கேட்டபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நாள் பூரா அந்த நூலோடதான் மல்லுக்கட்டிட்டு வரேன். வீட்டுக்கு வந்தா இங்கேயுமா?" (சொன்னது கிரியோலில், பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவு மொழி. எங்கள் வீட்டுப் பேச்சு அதுதான். தமிழ் நான் பள்ளியில் கற்று, பிறகு பள்ளியிலேயே கற்றுக்கொடுக்க வந்த மொழி. என் தமிழில் புத்தக வாடை அடிக்கிறது என்று போன மாதம் ஒருவர் எழுதினார். அடிக்கட்டும். ஐந்து தலைமுறைக்கு முன் கரும்பு வெட்ட வந்தவர்கள் வழியில் இவ்வளவாவது வந்து சேர்ந்ததே.)

எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தது ஒரு புயல். 1994 பிப்ரவரி, ஹோலாண்டா. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. பள்ளி இல்லை, டிவி இல்லை. பக்கத்து வீட்டில் ஆப்பிரிக்க வழி வந்த ஒரு கிரியோல் பாட்டி, தெருவே அவரைத் தாந்தீன் என்றுதான் கூப்பிடும், அத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வாசலில் வைத்துக்கொண்டு பின்னுவார். விளக்கு அணைந்தாலும் கை நிற்காது. நான் வாய்பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்திருக்க வேண்டும். மறுநாள் போனபோது, தன்னுடைய கடுகு நிற ஸ்வெட்டர் ஒன்றை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். முழங்கை தேய்ந்ததுதான், ஆனால் இன்னும் போடக்கூடியது. பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, நுனியில் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். ஸ்வெட்டரைப் பிரித்த நூல் வேகவைத்த நூடுல்ஸ் மாதிரி நெளிந்து கிடக்கும். ஈரமும் கனமும் சேர்ந்தால்தான் நேராகும். காய்ந்ததும் உருண்டையாகச் சுற்றி என் கையில் கொடுத்தார். "என்ன பின்னட்டும் தாந்தீன்?" என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும், உன் நூல்" என்றார்.

"உன் நூல்" என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு மஃப்ளர் பின்னினேன். இருபது கண்ணியில் ஆரம்பித்து முப்பத்தொன்றில் முடிந்தது, எப்படி என்று கேட்காதீர்கள். அதைப் பிரித்து, 96-ல் மகள் பிறந்தபோது குல்லா. அவள் தலை பெரிதானதும் அதையும் பிரித்துக் கையுறை. இப்போது அதே கடுகு நூல் எங்கள் தேநீர்க் குடுவைக்கு உறையாக இருக்கிறது. தாந்தீன் மகனோடு ரோஸ் ஹில்லுக்குக் குடிபோய்விட்டார். அதன் பிறகு இரண்டு முறைதான் பார்த்தேன். குல்லாவைக் காட்டினேன், கையுறையைக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

இனி அம்மாவின் மூட்டைக்கு வருகிறேன்.

2003-ல் அம்மாவின் தொழிற்சாலை மூடியது. அந்த வருடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக மூடினார்கள். பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி எடுப்பது என்று வைத்திருந்த ஒதுக்கீட்டு ஒப்பந்தம் 2004-ன் முடிவோடு முடியப் போகிறது, அதன்பின் மலிவாகச் செய்யும் நாட்டுக்கே எல்லாம் போகும் என்று முதலாளிகளுக்கு முன்கூட்டியே தெரியும். முடிந்த பிறகு மூடுவானேன் என்று முன்பே மூடிவிட்டார்கள். இருபத்தைந்து வருடம் கண்ணி மாட்டியவருக்குச் சேர வேண்டிய பணத்தில் கொஞ்சம் கடைசிவரை இழுபறியாகவே போனது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. கடைசி நாளில் கிடங்கில் மிச்சம் கிடந்த நூலை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அம்மா ஒரு அரிசி மூட்டைப் பை நிறைய நூல் கூம்புகளைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். மூட்டைக்கும் டிக்கெட் கேட்டானாம் கண்டக்டர். வீட்டுக்கு வந்ததும் அதை அலமாரி மேல் தூக்கிப் போட்டார். அதோடு சரி. ஆறு வருடம் அங்கேயே இருந்தது. நான் அந்த நேரமெல்லாம் கடையில் அக்ரிலிக் நூலைக் காசு கொடுத்து வாங்கிப் பின்னிக்கொண்டிருந்தேன், அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. அது நூல் மூட்டை இல்லை, வேலை போன நாள்.

(சம்பளம் என்றதும் நினைவு வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும், ௧௦௦ என்று தமிழ் எண்ணும் இருக்கும், அந்த எண்ணை மட்டும் அவருக்குத் தெரியும். எப்போதும் ஆங்கிலத்துக்கு அடுத்தது தமிழ், அதற்கு அடுத்தது இந்தி. 1998 கடைசியில் வந்த புது நோட்டில் தமிழைக் கீழே தள்ளியிருந்தார்கள். சம்பள உறையைப் பிரித்து, நோட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, படிக்கத் தெரியாத எழுத்து இடம் மாறியதைக் கண்டுபிடித்தவர் என் அம்மா. கண்ணியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அல்லவா. தமிழர்கள் கொதித்தார்கள், அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று வேறு அச்சடித்தது. அற்ப விஷயத்துக்கு இத்தனை செலவா என்று கேட்டவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. அவர்களோடு இங்கே சண்டை போட எனக்கு நேரமில்லை.)

2009-ல் அப்பா ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தார். பக்கவாதம். பகலில் அம்மா, இரவில் நான். பின்னினால் மன அழுத்தம் குறையும், ரத்த அழுத்தம் இறங்கும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை, நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் இரவு இரண்டு மணிக்கு மனதால் எதையும் செய்ய முடியாது, கையால் செய்ய முடியும். ஒரு வரிசை நேர், ஒரு வரிசை எதிர். நர்ஸ் வந்து ஏதாவது சொன்னால் ஊசியை அப்படியே நிறுத்தலாம். போனதும் விட்ட கண்ணியிலிருந்து தொடரலாம். ஜெபமாலை உருட்டுகிறவர்களுக்கு இது புரியும். என்ன பின்னினேன் என்று கேட்டால், ஒன்றுமில்லை, ஒரு சதுரம், இன்னொரு சதுரம்.

பன்னிரண்டாம் நாளோ என்னவோ, நூல் தீர்ந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னதாகக்கூட நினைவில்லை. மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அறைக் கதவைத் திறந்தேன், வாசலில் அந்த அரிசி மூட்டை. தூசி தட்டி, கட்டு அவிழ்த்து. அம்மா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வந்த பரிசுகளிலேயே பெரியது எது என்று கேட்டால் தாலிக்கொடியைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். (வீட்டுக்காரர் இந்தத் தளத்தில் இல்லை.)

அந்த நூலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிற்சாலை நூல் கடை நூல் மாதிரி புசுபுசுவென்று இருக்காது. மெஷினில் அறுந்துவிடாமல் ஓட எண்ணெய் பூசியிருப்பார்கள். கூம்பில் பார்த்தால் பொட்டலம் கட்டும் சணல் மாதிரி, மங்கலாக, உயிரில்லாமல் இருக்கும். கூம்பின் உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் 2/28 என்று போட்டிருந்தது. அதற்கு அர்த்தம் அம்மாதான் பிறகு சொன்னார்: ஒரு கிராமுக்கு 28 மீட்டர் வரும் இழை, அதில் இரண்டை முறுக்கியது, ஆக கிராமுக்கு 14 மீட்டர். அவ்வளவு மெல்லிசை 4 மில்லிமீட்டர் ஊசியில் போட்டால் கொசுவலைதான் வரும். ஆறு இழையை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் கடையில் விற்கும் சாதாரண ஸ்வெட்டர் நூல் கனம் வருகிறது. ஆறு கூம்பு ஏது? ஒரே கூம்பிலிருந்து ஆறு உருண்டை சுற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஜூலை முழுக்க எங்கள் வீட்டுத் தரையில் உருண்டைகள்தான்.

முதலில் பின்னி முடித்தது அப்பாவுக்கு ஒரு கையில்லாத ஸ்வெட்டர், செங்கல் நிறம். இடது கையை அவரால் தூக்க முடியாது, அதனால் முன்பக்கம் திறந்து பித்தான் வைத்தேன். பின்னியபோது விறைப்பாக, சாக்கு மாதிரி இருந்தது. இவ்வளவு பாடுபட்டு இதுவா என்று அழுகை வந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "துவைக்காம என்னத்தப் பாக்குற?" என்றார். வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்தோம். தண்ணீர் பழுப்பாகி, ஆட்டு வாடையும் மெஷின் வாடையும் கலந்து வந்தது. மூன்று தண்ணீர் மாற்றினோம். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, மேஜையில் விரித்துக் காயவைத்தோம். மறுநாள் தொட்டுப் பார்த்தால் அதே துணி இல்லை. இழை இழையாக மலர்ந்து, கண்ணிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியெல்லாம் மூடி, கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. இருபத்தைந்து வருடம் அந்த நூலைத் தொட்ட அம்மா, துவைத்து முடித்த துணியை அங்கே பார்த்ததே இல்லையாம். அது வேறு பிரிவு.

பிறகு கழுத்தைப் பார்த்தார். நான் சாதாரணத் தையலில் பட்டையை வைத்துத் தைத்திருந்தேன், உள்பக்கம் ஒரு திண்டு. "இது என்ன, கழுத்துல கயிறு கட்டுன மாதிரி?" என்று பிரித்தே விட்டார். மொட்டை ஊசி ஒன்றைக் கேட்டார். கண்புரை ஆரம்பித்திருந்த நேரம், கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு, பார்க்கவே இல்லை. இடது கட்டைவிரல் நகத்தால் ஒரு கண்ணியைத் தள்ளி நிறுத்துவார், ஊசி அதில் போகும், எதிர்ப் பட்டையின் கண்ணியில் வரும், அடுத்தது. ஏறக்குறைய நூற்றுப் பத்து கண்ணி. ஒன்றும் விடவில்லை. முடித்துவிட்டு உள்பக்கம் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினார், ஒரு வார்த்தை பேசாமல். சாக்பீஸ் கையோடு முதல் வரிசைப் பையனை முறைக்கும் டீச்சர்கூட அப்படிப் பார்க்க மாட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கழுத்து வேலை அம்மாவுடையது.

பெண்களை அடுப்படியிலும் ஊசியிலும் கட்டிப்போடும் பேச்சு என்று இதற்கும் யாராவது வருவார்கள். அந்தத் தொழிற்சாலையில் பின்னல் மெஷின் ஓட்டியவர் என் தாய்மாமன், மீசை வைத்த ஆள். கடையில் இதைவிட மலிவாக ஸ்வெட்டர் கிடைக்குமே என்பவர்களுக்கு: கிடைக்கும், நன்றாகவே இருக்கும், என் அம்மா மாதிரி ஒருத்தி கழுத்து வைத்திருப்பாள். வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, வாயைத் திறக்கக் கூடாது என்றேனே, அதற்கு வருகிறேன். பிரான்சில் என் நாத்தனார் இருக்கிறார். நல்லவர், கைதாராளம். இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது ஒரு பை நிறைய மெரினோ என்ற மெத்தென்ற ஆட்டுக் கம்பளி நூல் கொண்டுவந்தார், 50 கிராம் உருண்டை இருபது. மழைக்கு முந்தின வானத்தின் நிறம். தொட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. கட்டிப்பிடித்து நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "அண்ணி, இதுல என் பசங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு, மிச்சத்துல எனக்கொரு ஷால், அடுத்த தடவை வர்றப்ப எடுத்துக்கிறேன்" என்றார். கைப்பேசியில் படமும் காட்டினார், முறுக்கு முறுக்காக வடம் ஓடும் டிசைன். அவருக்குப் பதினாறு வயதில் ஒருவன், பதினெட்டில் ஒருவன், இரண்டும் ஆறடி. ஆளுக்கு அறுநூறு கிராமாவது பிடிக்கும், ஷாலுக்கு எங்கே போவது என்ற கணக்கை விடுங்கள். அது பரிசு இல்லை, ஆர்டர். கூலியில்லாத ஆர்டர். அந்தப் பையை அலமாரியில் வைத்தேன். திறக்கும்போதெல்லாம் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு.

ஆகவே உங்கள் மாமியாருக்கு வாங்கும்போது, போதுமான அளவு வாங்குங்கள். அழகாக இருக்கிறதே என்று ஒரே ஒரு 50 கிராம் உருண்டை வாங்கிக் கொடுத்தால் அதில் ஒன்றும் செய்ய முடியாது, மனசுதான் அடித்துக்கொள்ளும். மஃப்ளருக்கு 200 கிராம், அவருக்கே ஒரு ஸ்வெட்டருக்கு நடுத்தரக் கனத்தில் 500 கிராம் ஆகும். எல்லா உருண்டையின் சீட்டிலும் சாயத் தொகுதி எண் ஒன்றேதானா என்று கடையிலேயே பாருங்கள். நிறத்தின் பெயர் ஒன்றாக இருந்து தொகுதி வேறானால், பின்னி முடித்தபின் முதுகு ஒரு நிறம், மார்பு ஒரு நிறமாகத் தெரியும். உங்கள் ஊர் சென்னை, மதுரை என்றால் கம்பளி வேண்டாம், பருத்தி நூல் வாங்குங்கள். ரோமம் ரோமமாகத் தொங்கும் பகட்டு நூல்களைத் தொடவே வேண்டாம், தப்பு வந்தால் பிரிக்க முடியாது, பிரிக்க முடியாத நூல் யாருக்கும் ஆகாது. பில்லை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போடாதீர்கள். கொடுக்கும்போது "பேரனுக்கு ஒன்று பின்னுங்கள்" என்று சொல்லாதீர்கள். பேரன் இல்லை என்றால் கண்டிப்பாகச் சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தது.

மூட்டை இப்போது ஏறக்குறைய காலி. புகைச் சாம்பல் நிறத்தில் ஒரு கூம்பு, அரைக் கூம்புதான், பாக்கி. கறுப்பு முழுசாக இருக்கிறது, அதை அம்மாவும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

அம்மாவுக்கு 77 ஆகிறது. கண் ஆபரேஷன் நன்றாக நடந்தது. போன குளிருக்கு, அலமாரியில் இருந்த மெரினோவை எடுத்து அவருக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர் பின்னிவிட்டேன். வடமும் இல்லை, முறுக்கும் இல்லை, வெறும் நேர்ப் பின்னல். கழுத்தை அவரே வைத்துக்கொண்டார். வீட்டில் அதைக் கழற்றுவதே இல்லை. மிச்சம் ஒன்பது உருண்டை இருக்கிறது. நாத்தனாருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். டிசம்பரில் வருகிறார்.